ஊர் கேட்காதவர்

எங்கள் பக்கத்தில் ‘எந்த ஊரு?’ என்று ஒருவர் கேட்டால் அவருக்கு வேண்டியது ஊர் அல்ல. ஊர்ப் பேரைச் சொன்னதும், ‘ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?’ என்பார். மழுப்பினால், ‘கோயிலுக்கு இங்கிட்டா, அங்கிட்டா?’ என்பார். அதிலும் பிடிபடாவிட்டால் அந்த ஊரில் தனக்குத் தெரிந்த பெரிய மனிதர் பேரைச் சொல்லி, ‘அவரு உங்களுக்கு என்ன வேணும்?’ என்று முடித்துவிடுவார். வெங்காயம் உரிப்பது மாதிரிதான். என்ன, இதில் உரிக்கிறவருக்குக் கண் எரியாது, நமக்குத்தான் எரியும். மேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் மாட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அந்தக் கேள்வியை ஒருமுறைகூட யாரிடமும் கேட்காத ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய பேர் வேண்டாம். எங்கள் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேர் தேவைப்பட்டதும் இல்லை. ‘அண்ணே’ என்றால் அவர்தான். துறை வாசலில் நிற்கும் பியூன், மகன் வயசுக்காரரான அவரை வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவர் ஆராய்ச்சி மாணவர். ஆராய்ச்சி எப்போது தொடங்கியது என்று அவருடைய வழிகாட்டிக்கே ஞாபகம் இருந்திருக்காது. முழங்கையில் எந்நேரமும் ஒரு ஹெல்மெட் தொங்கும். வண்டி பாதி நாள் ரிப்பேரில் கிடக்கும், ஹெல்மெட் மட்டும் கூடவே வரும். அதற்குள் அவித்த வேர்க்கடலையோ கொய்யாப்பழமோ எப்போதும் இருக்கும். எதிரே வருகிறவர்களிடம் ஹெல்மெட்டை நீட்டுவார். ‘எடு மாப்ள’, ‘எடு தாயி’. வாடிப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம் என்று அவரே சொல்லியிருக்கிறார். தன் ஊரை எல்லாரிடமும் சொல்வார். அடுத்தவர் ஊரைத்தான் கேட்கமாட்டார்.

எம்.ஏ. சேர்ந்த முதல் நாள். துறை வராந்தாவில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னை நிறுத்தினான்.

“எந்த ஊரும்மா?”

“மேலூர்.”

“மேலூரேவா? பக்கத்துலயா?”

மூன்று வருடம் கல்லூரியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, பதிலுக்குப் பிறகு மாறுகிற முகங்களைப் பார்த்துப் பார்த்து வந்தவள் நான். இங்கேயும் முதல் நாளேவா என்று நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏன் மாப்ள, ஊருக்கு ஊரு பஸ்ஸு விடப்போறியா? புள்ள காலையில சாப்பிட்டுச்சான்னு கேளுடா மொதல்ல.”

கேட்டவன் அசடு வழிந்துகொண்டே போய்விட்டான். என் முன்னால் ஹெல்மெட் நீண்டது. அன்றைக்குக் கொய்யாப்பழம். எனக்கு அழுகை வந்துவிட்டது என்று சொன்னால் இன்றைக்கு எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. நான் அவ்வளவு லேசில் அழுகிறவள் இல்லை. வீட்டில் எனக்கு ‘மொளகாப்பொடி’ என்று பேர்.

மதியச் சாப்பாட்டில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. துறைக்கு முன்னால் இருந்த புங்க மரத்தடியில் எல்லா டிபன் பாக்ஸும் திறந்து நடுவில் வரவேண்டும். யாராவது ஒதுங்கி உட்கார்ந்தால் அங்கிருந்தே கத்துவார். “தனியாத் திங்கிறது தெய்வத்துக்கே ஆகாதுடா. வா இங்க. இங்க தனியாங்கிற பேச்சே கூடாது.” நான் முதல் வாரம் மூடியைப் பாதி மூடிக்கொண்டு சாப்பிட்டேன். அம்மா கட்டிக்கொடுத்தது கருவாட்டுக் குழம்பு. அதன் வாசனைக்கு நான் கல்லூரியில் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. அவர் வந்து மூடியை எடுத்தார். முகர்ந்தார். “ஆத்தாடி! இதையா ஒளிச்ச? ஏய், எல்லாரும் வாங்கடா, இன்னைக்குக் கையக் கழுவுறவன் பாவி!” என்று ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, விரலைச் சூப்பினார். அதற்கப்புறம் எனக்கு மிஞ்சியது வெறும் பாக்ஸ்தான். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அம்மா இரண்டு பாக்ஸ் கொடுத்தாள். “ஒண்ணு அந்தத் தம்பிக்கு” என்றாள். முகம் பார்க்காமலே அம்மாவுக்கு அவர் பிள்ளை ஆகிவிட்டார்.

கயிற்றுக் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லவே முடியாது. எங்கள் வளாகத்தில் பையன்கள் மணிக்கட்டில் கயிறு கட்டுவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம். நிறத்தைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும், வாயைத் திறந்து ஊர் கேட்கவேண்டியதில்லை. கட்டாதே என்று நிர்வாகம் அறிக்கை ஒட்டியது. அறிக்கை ஒட்டிய மறுநாள் கயிறு தடிமனானது. அண்ணே என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு கூட்டத்திடமும் போய், “மாப்ள, எனக்கும் ஒண்ணு கட்டுடா” என்று கையை நீட்டினார். அவர் கேட்டு யார் மாட்டேன் என்பார்கள்? மணிக்கட்டில் தொடங்கி முழங்கைவரைக்கும் எல்லா நிறக் கயிறும் ஏறிவிட்டது. “இனி எவனாவது எவனையாவது அடிக்கணும்னா என் கையத்தான்டா மொதல்ல அடிக்கணும்” என்று தூக்கிக் காட்டுவார். மழையில் நனைந்து சாயம் போய்ச் சட்டையெல்லாம் கறை. நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். எந்த நிறம் யாருடையது என்று அவர் ஒன்றுவிடாமல் தெரிந்துவைத்திருக்கிறார் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த ஆண்டுப் பொங்கலுக்கு வருகிறேன். கல்லூரிகளில் சமத்துவப் பொங்கல் என்று வைப்பார்கள், எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் துறையில் முன்பெல்லாம் பேர்தான் சமத்துவம், கூட்டத்துக்கு ஒரு பானை வைத்தார்களாம். அண்ணே வந்துதான் ஒரே பானை ஆக்கினார். அதில் ஒரு முறையும் வகுத்தார். தண்ணீர் கொதித்ததும் ஒவ்வொருவராக வந்து ஒரு கைப்பிடி அரிசி போடவேண்டும், பேராசிரியர் முதல் பியூன் வரைக்கும். இரண்டாம் ஆண்டு மாணவர்களில் ஒருவர் முதல் கை.

எங்கள் ஊர்ப் பொது மந்தையில் பொங்கல் வைக்கும்போது எங்கள் தெருப் பானைகள் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே எங்கே நிற்கவேண்டும் என்று தெரியும். முதல் ஆண்டு என் முறை வந்தபோது அரிசியைக் கையில் அள்ளிவிட்டேன், கை பானைக்கு நேரே போகவில்லை. அண்ணே பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், “போடு தாயி, இது நம்ம பானை” என்றார். போட்டேன். ஆவி பட்டுக் கை சுட்டது. சுட்டால் என்ன! அன்றைக்குப் பொங்கல் சாப்பிடும்போது, “அடுத்த வருசம் மொத கை உன் கைதான்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த வார்த்தையை ஒரு வருடம் நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் தேர்தல் வந்தது. வெளியே கூட்டணி மாறினால் எங்கள் கான்டீனில் நாற்காலி மாறியது. யார் எந்தக் கட்சி என்பதும் யார் எந்தத் தெரு என்பதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நேற்றுவரை ஒரே வண்டியில் வந்தவன் இன்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தான். ஒரு தலைவர் பிறந்தநாளுக்கு என் வகுப்பு வீரணன் விடுதிச் சுவரில் போஸ்டர் ஒட்டினான். வீரணன் எங்கள் பக்கத்துப் பிள்ளை, அழகர்கோவில் போகிற வழியில் ஊர். போஸ்டர் கிழிந்தது. ஏன் என்று கேட்கப் போனவனுக்கு மூக்கு உடைந்தது. போலீஸ் வேன் வந்து கேட்டில் நின்றது. பிறகுதான் பல்கலைக்கழகம் முழித்துக்கொண்டு நல்லிணக்கக் குழு என்று ஒன்றை அமைத்தது. ஒருங்கிணைப்பாளர் யார்? அவரைவிட்டால் வேறு யார்?

அவரும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கான்டீனில் இரண்டு கூட்டமும் இரண்டு மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நடு பெஞ்சில் போய்த் தட்டோடு உட்காருவார். இங்கிட்டுப் போய்ச் சட்னி வாங்கி, அங்கிட்டுப் போய்ச் சாம்பார் வாங்கி, “சட்னி எந்தக் கட்சி மாப்ள? சொல்லு, தெரிஞ்சுக்கிட்டுத் திங்கிறேன்” என்பார். முறைக்கிறவனும் சிரித்துவிடுவான். விடுதிக்கும் துறைக்கும் நடந்து நடந்து அவருடைய செருப்பு தேய்ந்தது. வீரணன் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்க வைத்ததும் அவர்தான். “அவங்ககிட்டப் பேசிப் பிரயோசனம் இல்ல மாப்ள. நீ புரிஞ்சுக்குவ” என்றாராம். மூக்கில் பிளாஸ்டரோடு வீரணன் புகாரை வாங்கிக்கொண்டான். ‘நீ புரிஞ்சுக்குவ’ என்பது எங்களுக்கு அப்போது ஒரு பட்டம் மாதிரி இருந்தது. அந்தப் பட்டம் எங்கள் பக்கத்துக்கு மட்டுமே கிடைக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

பொங்கல் வந்தது. அந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் வேறொரு விசேஷம் இருந்தது. என் தாத்தா காலம்வரைக்கும் எங்கள் குடும்பம் அடுத்தவர் வயலில்தான் அறுத்தது. அப்பா கட்டட வேலைக்கும் அம்மா கல்குவாரிக்கும் போய்ச் சேர்த்து, கண்மாய்க்குக் கீழே ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார்கள். அதில் முதல் அறுப்பு. எங்கள் சொந்த நெல். நான் முதல் கை போடப்போகிறேன் என்று தெரிந்ததும் அம்மா பச்சரிசியைப் புடைத்து ஒரு மஞ்சள் பையில் கட்டினாள்.

“இம்புட்டுப் போதுமாடி? அம்புட்டுப் பேரும் திங்கணும்ல?”

“அம்மா, நான் ஒரு கைதாம்மா போடுவேன்.”

“ஒரு கைக்கா உங்கப்பன் அறுத்ததும் அறுக்காததுமா மில்லுக்கு ஓடுனாரு? பான முச்சூடும் நம்ம அரிசியா இருக்கட்டும். அந்தத் தம்பிகிட்டச் சொல்லு, மாட்டேன்னு சொல்லாது.”

போனில் சொன்னேன். “ஆத்தா அரிசியா? இந்த வருசம் அதான் தாயி பானைக்கு” என்றார் அண்ணே.

துணைவேந்தரும், வெளியிலிருந்து ஒரு பெரிய விருந்தாளியும், பத்திரிகைக்காரர்களும் வருவதாக ஏற்பாடு. அடிதடி நடந்த வளாகத்தில் எல்லாரும் ஒரே பானையில் பொங்கல் வைத்தார்கள் என்று படம் வரவேண்டும். நான் அம்மாவின் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்து முதல் பஸ்ஸில் வந்தேன். அண்ணே பையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்:

“தாயி, ஒரு ஒத்தாச. விருந்தாளிய மெயின் கேட்டுல நின்னு வரவேற்கணும். பன்னீர்ச் செம்பு, சந்தனம் எல்லாம் வாட்ச்மேன் ரூமுல இருக்கு. மத்ததுக எல்லாம் திருதிருன்னு முழிக்கும். உனக்குத்தான் நாலு வார்த்த நல்லாப் பேச வரும்.”

“பானை ஏத்திருவீங்களாண்ணே?”

“நீ வராம ஏறுமா? போயிட்டு ஓடியா.”

போனேன். கேட்டில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். வெயில் ஏறியது. விருந்தாளியின் வண்டி வரவில்லை. வருகிற ஒவ்வொரு காருக்கும் சேலையைச் சரிசெய்துகொண்டு முகத்தில் சிரிப்பை ஏற்றினேன், அது யாரோ பேராசிரியர் காராக இருந்தது. வரவேற்பு வார்த்தைகளை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது துறைப் பக்கமிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

பானை பொங்கி வழியும்போதுதான் குலவை போடுவார்கள். அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் இது வேறு ஏதாவது துறையாக இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்தேன். வாட்ச்மேன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

“யாருக்கும்மா நிக்கிற?”

“சிறப்பு விருந்தினருக்கு.”

“அவங்க அப்பவே பின் கேட்டு வழியா உள்ள போயிட்டாங்களே. அப்படித்தான் வாராங்கன்னு நேத்தே சொல்லியாச்சே.”

“யார் சொன்னது?”

“உங்க அண்ணேதான்.”

பன்னீர்ச் செம்பை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினேன். சேலை தடுக்கியது. துறைக்கு முன்னால் பானை இறக்கியாகிவிட்டது. பையன்கள் எல்லாரும் தோளில் கைபோட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அண்ணே, முழங்கைவரைக்கும் கயிறு. என் வகுப்புத் தோழி கவிதா தொன்னையில் பொங்கலோடு வந்தாள். கவிதா எங்கள் பக்கம் இல்லை, ஆனால் நல்ல பெண். கண் கலங்கியிருந்தாள்.

“ரொம்பப் பெரிய மனசுடி உனக்கு. நான்னா ஒத்துக்கவே மாட்டேன்.”

“எதுக்கு?”

“நீங்களா விட்டுக்குடுத்தீங்களாமே? வீரணன அடிச்சவங்க, ‘அந்தப் புள்ளைக பானையத் தொட்டா நாங்க வரமாட்டோம், பத்திரிகைக்காரன் முன்னாடியே எந்திரிச்சுப் போவோம்’னு நின்னாங்க. அண்ணே போய் உங்ககிட்டப் பேசுனாராம். நீங்களே, இந்த வருசம் நாங்க ஒதுங்கிக்கிறோம்னு சொல்லிட்டீங்களாம். எல்லாருக்கும் சொன்னாரு.”

தொன்னை என் கையில் இருந்தது. பொங்கல் சூடாகத்தான் இருந்தது. நான் அதை அப்படியே கவிதா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் வீரணன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இரண்டு கூடை செவ்வந்திப்பூ. அண்ணே அவனை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியிருக்கிறார். துறைக்குப் பக்கத்துக் கடையிலேயே பூ வாங்கிக் கட்டித் தொங்கவிட்டிருந்ததை நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கவிதா சொன்னதைச் சொன்னேன். வீரணன் பூக்கூடையைக் காலால் தள்ளிவிட்டான்.

“பூவுக்கு உன்னய மாதிரி யாருக்கும் பேரம் பேச வராது மாப்ளன்னாரு. நானும் சட்டைக் காலரத் தூக்கிவிட்டுக்கிட்டுப் போனேன்” என்றான். “முதலாண்டுப் புள்ளைக ரெண்டையும் விடுதிக்கு நாற்காலி எடுக்க அனுப்புனாரு, வழியில பாத்தேன். அதுகளும் நம்ம புள்ளைகதான்.”

அப்போது ஆட்டோவில் வந்து இறங்கினான் பிரவீன். எங்கள் வகுப்புத்தான். மதுரை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன், அப்பா வங்கியில் மேனேஜர். கையில் கயிறு கிடையாது, ஒரு கூட்டத்திலும் சேரமாட்டான். பேச்சில் பாதி இங்கிலீஷ். எல்லாரும் அவனைப் பெரிய இடத்துப் பிள்ளை என்றுதான் நினைத்திருந்தோம். கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி.

“என்ன, எல்லாரும் இங்க உட்கார்ந்திருக்கீங்க? ஃபங்ஷன் ஆரம்பிச்சிருச்சா? நினைவுப்பரிசு வாங்கிட்டு வான்னு அண்ணே டவுன்ஹால் ரோடு வரைக்கும் விரட்டிட்டாரு. கடைக்காரன் பதினோரு மணிக்குத்தான் தருவேன்னு அண்ணேகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கான், அதுவரைக்கும் என்னை அங்கேயே உட்கார வச்சிட்டான்.”

நானும் வீரணனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வீரணன் மெதுவாகக் கேட்டான்.

“டேய்... நீயுமாடா?”

பிரவீனுக்கு முதலில் விளங்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அண்ணே யார் யாரை எங்கெங்கே அனுப்பினார், ஏன் என்று. சொல்லி முடிப்பதற்குள் அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தான்.

“நான் யாருகிட்டயும் சொன்னதில்லையே” என்றான். “ஸ்கூல்ல சொல்லி ஒரு தடவை பட்டாச்சு. இங்க வந்து யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டகூட. அவருக்கு எப்படித் தெரியும்?”

எங்களுக்கே தெரியாது. கூடப் படித்த, கூடச் சாப்பிட்ட எங்களுக்கே பிரவீன் யார் என்று அன்றைக்கு அந்த டீக்கடையில்தான் தெரிந்தது. யாரிடமும் ஊர் கேட்காதவர், எந்தப் பக்கம் என்று கேட்காதவர், எங்களில் ஒருவரைக்கூட விடாமல், எங்கள் பக்கம் இல்லாத ஒருவரைக்கூடச் சேர்க்காமல், சரியாகப் பொறுக்கி எடுத்து வெளியே அனுப்பியிருந்தார். எப்படித் தெரிந்துகொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்கிறவன் எவ்வளவோ தேவலை. அவனுக்கு நாம் பொய்யாவது சொல்லலாம்.

பிரவீன் அழவில்லை, திட்டவும் இல்லை. “இப்ப உள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்ல?” என்று மட்டும் கேட்டான்.

கூட்டம் கலைந்தபிறகு நான் ஆராய்ச்சி மாணவர்கள் அறைக்குப் போனேன். அண்ணே தனியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மைக்செட் பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் பை இருந்தது. அம்மா போட்ட முடிச்சு அவிழவே இல்லை.

“வா தாயி. சாப்பிட்டியா?” என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “கேக்குறதுக்கு உங்களுக்கு வாய் கூசலையாண்ணே?” என்றேன்.

அவர் மழுப்பவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. ஒரு திருடனைப் போல முழித்திருந்தாலாவது நான் மன்னித்திருப்பேன். என்னைப் பாசமாகப் பார்த்து, “மூணு மாசமா வெட்டிக்கிட்டுக் கெடந்தவன் எல்லாம் இன்னைக்கு ஒண்ணா உக்காந்து தின்னான் தாயி. நீ பாத்தியா?” என்றார்.

“யாரோட ஒண்ணா? எங்களைத்தான் வெளிய அனுப்பிட்டீங்களே. மிச்சப் பேரு என்னைக்குத்தான் தனியா உக்காந்தாங்க?”

“அவங்ககிட்டப் பேச முடியாதும்மா. எந்திரிச்சுப் போயிருந்தா பேப்பர்ல நாறிப் போயிருக்கும். மறுபடி அடிதடி. நீ புரிஞ்சுக்குவ.”

“எங்கிட்டயும் நீங்க பேசலையேண்ணே. கேட்டுல செம்போட நிக்க வச்சீங்க. நாங்களா விட்டுக்குடுத்தோம்னு ஊரெல்லாம் சொன்னீங்க. பிரவீன் உங்கள என்ன பண்ணினான்?”

அந்தப் பேரைச் சொன்னதும் அவர் கண் ஒரு நிமிடம் தாழ்ந்தது. பிறகு எழுந்து போய், மஞ்சள் பையைத் தூக்கிவந்து, மேலே இருந்த தூசியைத் தட்டி, என் முன்னால் வைத்தார்.

“ஆத்தா அரிசி அப்படியே பத்திரமா இருக்கு பாரு. கடை அரிசிதான் போட்டோம், இதத் தொடவே விடல. ஒண்ணும் மனசுல வச்சுக்காத. நம்ம தனியா ஒரு நாள் வச்சுக்குவோம்.”

தனியா. தனியா என்கிற பேச்சே கூடாது என்று இரண்டு வருடம் கத்திய வாயிலிருந்து அது எவ்வளவு சுளுவாக வந்தது! சொன்னது என்ன என்று அவருக்கே தெரியவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார். நம்ப வைத்துக் கழுத்தறுக்கிறவர்கள் கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவர் கையில் கத்தி இருப்பதே இவருக்குத் தெரியாது.

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? மேலூர் பஸ் ஸ்டாண்டில், பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்தேன். “நல்ல அரிசிம்மா, எங்க சொந்த அரிசி” என்றேன். வீட்டு வாசலிலேயே அம்மா நின்றாள்.

“பொங்குச்சாடி?”

“பொங்குச்சும்மா.”

“எந்தப் பக்கம் வழிஞ்சது?”

“கிழக்காலதான்.”

அம்மா மூன்று தெருவுக்கு அதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

பிரவீன் விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. வேறு ஊரில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை கிடைக்கும் என்றுதான் அண்ணே அப்படிச் செய்தார் என்று வீரணன் இன்றைக்கும் சொல்வான். நான் அதை நம்பவில்லை. நம்ப முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வேலைக்காகத் துரோகம் செய்கிறவனைத் திட்டித் தீர்த்துவிடலாம். நம்மை அன்பாக அழைத்துவந்து, நம் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டு, போடு தாயி நம்ம பானை என்று சொன்ன அதே மனிதர், நெருக்கடி என்று வந்ததும் யார் சத்தம் போடமாட்டார்கள் என்று பார்த்து அவர்களை விற்றுவிட்டாரே, அவரை என்ன செய்வது? அந்த இரண்டு வருடக் கொய்யாப்பழத்தையும் வேர்க்கடலையையும் நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நான் இப்போது ஒரு கல்லூரியில் வகுப்பெடுக்கிறேன். அவருக்கும் பேர் வளர்ந்துவிட்டது. கல்லூரி கல்லூரியாகப் போய் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறார், நன்றாகவே பேசுவார். எங்கள் கல்லூரிக்கும் அழைத்தார்கள். நான் அன்றைக்கு லீவு போட்டேன்.

போன மாதம் மேலூரில் மகளிர் குழுக் கூட்டத்துக்கு அவர் பேச வந்திருக்கிறார். அம்மா அந்தக் குழுவில் இருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா முகமெல்லாம் பூரிப்பாக உட்கார்ந்திருந்தாள்.

“யாரப் பாத்தேன் தெரியுமாடி? உங்கண்ணன! கருவாட்டுக் கொழம்புத் தம்பி! கையில கலர் கலரா என்னமோ கயிறு கட்டியிருக்கு. நான் போயி நின்னதும், நான் யாருன்னே சொல்லல, ‘சாப்பிட்டீங்களா ஆத்தா?’ன்னுதான் மொத வார்த்த கேட்டுச்சு. அப்பறம்தான் உன் பேரச் சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“கையில கெடந்த கயித்தத் தடவிக்கிச்சு. பெறகு நல்லாருக்காளான்னு கேட்டுச்சு. இந்த வருச அரிசி ஒரு பை கொண்டு போயிருந்தேன்ல, குழுவுக்குன்னு, அதத் தம்பி கையில குடுத்துட்டேன். அன்னைக்கு நம்ம அரிசிய அம்புட்டுப் பேருக்கும் ஆக்கிப் போட்ட புள்ளையில்ல? ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிருச்சு.”

அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே பேசினாள்.

“தங்கமான புள்ளடி. எங்க குழுவுக்கு எத்தன ஆபீசருக வாராக, வந்ததும் எந்த ஊரு, எந்தப் பக்கம்னுதான் ஆரம்பிக்கிறாக. இந்தத் தம்பி அப்படி ஒரு வார்த்த கேக்கல, பாத்துக்க.”

“அவரு கேக்கமாட்டாரும்மா” என்றேன். “அவருக்கு எல்லாம் தெரியும்.”

“அதான, படிச்ச புள்ளையில்ல” என்று சொல்லிவிட்டு அம்மா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.